வேலிக்குத் தெரிந்த நடை

பின்கட்டிலிருந்த தேன்பெட்டிகளைக் கரடி உடைக்காமலிருக்க, நடையை வைத்தே மனிதனா மிருகமா என்று கண்டுபிடிக்கும் மின்வேலியை வீட்டைச் சுற்றிப் போட்டாள் கோத்தகிரி மரகதம். அவள் கணவன் தணிகாசலமோ, முன்பொருமுறை கரடி குதறியதிலிருந்து கூனிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடப்பவன். முதல் நாளே வேலி அவனுக்கு ஷாக் கொடுத்துக் கீழே தள்ளியது.

மரகதம் வேலிக் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் செய்தாள்.

"அந்த நடைய மனுஷன்னு மாத்த முடியாதுங்கம்மா. கரடின்னே இருக்கட்டும். உள்ளே விடலாம்னு மட்டும் போட்டுடறேன், சரிங்களா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"சரிங்க."

மறுநாள் மாலை தணிகாசலம் வேலை முடிந்து வந்தபோது வேலி வழிவிட்டது. வேலியோடு இணைத்திருந்த சமையலறை ஒலிபெருக்கி, "உங்கள் கரடி வந்துவிட்டது" என்று அறிவித்தது.

அவன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு நீ சரின்னு சொன்னியா?"

மரகதம் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.