பாலத்தில் அசைந்தவர்

இந்த மனுஷரோடு இனி எங்கேயும் வரக் கூடாது என்று ஆகிவிட்டது பாப்பாவுக்கு.

அண்ணன் கண்காட்சிச் சுவரில் ஒரு புகைப்படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு, அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றார். பார்க்க வந்தவர்கள் தள்ளி நிற்கச் சொன்னால், கால் வலிக்கிறதாம், நகர மாட்டாராம். முசுடு என்று வீட்டில் சும்மாவா சொல்கிறார்கள்!

இவள் தலை முழுக்க நரைத்தும் அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். இவள் வயிற்றில் இருந்தபோது, மலையாற்றின் ஓரமாக ரயில் பாதை போடப் போன அப்பா திரும்பவில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று சேதி மட்டும் வந்தது. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அப்பா முகம் தெரிந்தவர் இப்போது அண்ணன் ஒருவர்தான்.

அந்தப் பாதை போட்டபோது எடுத்த படங்களைக் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள் என்றதும், மாட்டேன் என்றவரை நச்சரித்துக் கூட்டி வந்திருந்தாள். ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு.

“அப்பா இதுல இருக்காராண்ணா?”

நின்ற இடத்திலிருந்தே எதிர்ச் சுவரைக் காட்டினார். “அந்தப் பாலத்துல, கடைசி ஆள்.”

ஓடிப்போய்ப் பார்த்தாள். வரிசையாக எல்லோருக்கும் கண், மூக்கு, மீசை. கடைசி ஆளுக்கு மட்டும் முகமே இல்லை, வெறும் கலங்கல். அந்தக் காலத்துக் கேமரா முன்னால் அசைந்தால் அப்படித்தான் விழும் என்றார் கண்காட்சிக்காரர்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்கக் கூடாதா இந்த அப்பா? ஆறுதலுக்குக்கூடப் பக்கத்தில் வராத அண்ணன்மேல் கோபம் பொங்கியது. திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் தடுமாறி விலகினார்.

பின்னாலிருந்த படம் தெரிந்தது. வெள்ளமெல்லாம் வடிந்து, வேலை முடிந்து, பாதை திறந்த நாளில் எடுத்தது என்று கீழே எழுதியிருந்தது. புது ஸ்டேஷன் வாசலில், பக்கத்தில் ஒரு பெண்ணும் தோளில் ஒரு குழந்தையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார் ஒருவர். அச்சு அசல் அண்ணன் முகம்.

அண்ணன் அவசரமாக மறுபடி மறைத்துக்கொண்டார். “என்ன பாப்பா பார்த்தே?”

காலமெல்லாம் ஏங்கிய முகம். இன்னும் ஒரு கணம் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. பாப்பா எதிர்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாலத்துல இருக்காரே அண்ணா, நம்ம அப்பா. அவரைத்தான்.”