ராஜா செலவில் வந்த பரம்பரை

"அந்தக் காகிதத்தை எரிச்சுட்டேன். சாம்பலைக்கூட ரோஜாச் செடிக்குப் போட்டாச்சு," என்று கிசுகிசுத்தாள் வெர்னா பாஸ்கோ.

"அப்புறம் ஏன் பதறுறே? ஸ்கோன் ரொட்டியெல்லாம் தட்டுல இருந்து உருளுது பாரு," என்றான் அவள் கணவன் கெவ்.

"க்ளெனிஸ் நேத்து ஹோபர்ட்டுக்குப் போயிருக்கா. ஆவணக் காப்பகத்துல நாள் முழுக்க உக்காந்திருந்தாளாம். அந்த ஜெயில் சமாச்சாரம் மட்டும் வெளியே வந்துச்சு, நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது."

"நூத்தித் தொண்ணூறு வருஷம் ஆச்சு. அந்தக் கிழவன் செஞ்சதுக்கு நீ என்னடி பண்ணுவே?"

"ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல!"

கார்ன்வுட் முதற்குடிகள் மரபுக் கழகத்தில் ரத்தம்தான் எல்லாம். கழகத்துக்கு விதி ஒன்றே ஒன்று: முப்பாட்டன் ராஜாவின் செலவில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவராக இருக்க வேண்டும். சொந்தக் காசில் வந்தவர்களின் வாரிசுகளுக்கு வாசல்படியோடு சரி.

அந்த விதியை வெர்னா மாதிரி இறுக்கிப் பிடித்தவர் யாருமில்லை. ஊருக்கே ஊசி போடும் டாக்டர் ஆலிவர் மனுப் போட்டபோது, அவருடைய பாட்டன் பணம் கட்டிப் பயணம் செய்தவர் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

அந்த டாக்டரின் மனைவிதான் க்ளெனிஸ். அவளுக்குத் தாய்வழியில் அப்பழுக்கில்லாத ராஜா செலவு. அதனால் அவள் உள்ளே கேக் வெட்டுவாள். டாக்டர் வெளியே காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இன்றைக்கு மண்டப வாசலில் நினைவுக்கல் திறப்பு. முதல் வரியிலேயே வெர்னாவின் முப்பாட்டன் சைலஸ் பாஸ்கோவின் பெயர். இருபத்திரண்டு வருஷம் தலைவியாக இருந்தவளுக்கு இன்றோடு ஆயுட்காலப் புரவலர் பட்டம் வேறு. கல்யாணமாகி நாற்பது வருஷமாகியும் கணவன் பெயரை ஒட்டிக்கொள்ளாமல் பாஸ்கோவாகவே இருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். போன வாரம் வந்த அந்தப் பாழாய்ப்போன காகிதம் ஒரு மாசம் தள்ளி வந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

டீ போடும் மேஜைப் பக்கம் க்ளெனிஸ் நின்றிருந்தாள். அக்குளில் ஒரு பழுப்பு உறை.

"க்ளெனிஸ் கண்ணு, ஒரு நிமிஷம் வா," என்று வெர்னா அவளை ஓரங்கட்டினாள். "உன் வீட்டுக்காரர் மனுவை நான் மறுபடி படிச்சுப் பார்த்தேன். அடுத்த கூட்டத்துலேயே சேர்த்துக்கலாம்."

"அடடா! விதி விதின்னு மூணு வருஷமா அந்த மனுஷனை வெயில்லயும் மழையிலயும் உக்கார வச்சீங்களே, தலைவியம்மா?"

"விதியை மாத்திக்கலாம். நாமளா போட்டதுதானே?"

"இந்தப் புத்தி உறையைப் பார்த்ததும் வருது பாருங்க." க்ளெனிஸ் டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். "எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'எங்க பாட்டன் அப்படி என்ன தப்புப் பண்ணிட்டாரு'ன்னு கேட்டாரு."

"என் பாட்டன் பண்ணதுக்கு என்னைத் தண்டிப்பியா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"அதையேதான் அவரும் கேட்டாரு," என்று சொல்லிவிட்டு க்ளெனிஸ் மேடையை நோக்கி நடந்தாள்.

வெர்னா பின்னாலேயே ஓடப் பார்த்தாள். கெவ் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினான். மேயர் பாதிப் பேச்சில் இருக்கும்போதே க்ளெனிஸ் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"கல்லைத் திறக்கறதுக்கு முந்தி, முதல் வரியில இருக்கறவரைப் பத்தி ஒரு வார்த்தை. தலைவியம்மா அடக்கத்துல சொல்லாம விட்டுட்டாங்க." உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "சைலஸ் பாஸ்கோ. ஏழு வருஷம் முழுசா ஜெயில்ல இருந்தவரு!"

வெர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர், அப்புறம் மண்டபம் மொத்தமும் எழுந்து தட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க! யாரும் தட்டாதீங்க," என்று க்ளெனிஸ் கையமர்த்தினாள். "திருடி மாட்டி, ராஜா செலவுல கால் விலங்கோட வந்தது நம்ம பாட்டன்மாருங்க. இவரு அவங்களைக் கட்டிவச்சு சவுக்கால வெளுத்த ஜெயிலரு!"