ஐந்தாவது வளைவு

தெர்மாகோலைக் கல் கல்லாக வெட்டி, சாம்பல் நிறம் பூசி ஒட்டிக்கொண்டிருந்தார் அந்த ஓய்வுபெற்ற விமானி. மேஜையில் முழ நீளத்துக்கு ஒரு கல்பாலம் எழுந்திருந்தது. அதற்கு மேலே, மெல்லிய கம்பியில் அவர் செய்த குட்டி விமானம் மிதந்தது. ஜன்னல் வெயில் பட்டு, அடியில் விரித்திருந்த நீலத்தாள் நிஜமாகவே ஓடுவதுபோல் இருந்தது.

"அட, எங்க ஊர்ப் பாலம்!" மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "குண்டு விழுந்து இடிஞ்சதுக்கு அப்புறம் இப்பதான் பார்க்கிறேன். நடுவுல வண்டி ஒதுங்குற இடம்கூட அப்படியே இருக்கே!"

"பிடிச்சிருக்கா?"

"மேல்பக்கம் அச்சு அசல். கீழதான் கோட்டை விட்டுட்டீங்க. வளைவு நாலு இல்ல, அஞ்சு. அஞ்சாவதுக்கு அடியிலதான் நாங்க நீச்சலடிப்போம்."

"கீழ நான் பார்த்ததில்லையே."

"ஊர்ப் பக்கமே வந்ததில்லன்னுதானே சொல்வீங்க? ஒரு ஃபோட்டோகூட மிஞ்சல. அப்புறம் மேல்பக்கம் மட்டும் எப்படி..."

அவர் விரல்களில் ஒட்டிய பசையைத் துடைக்கத் தொடங்கினார். அவள் பார்வை மெல்ல உயர்ந்து விமானத்தில் நின்றது. அதன் மூக்கு நேராகப் பாலத்தைப் பார்த்திருந்தது.

"நாப்பது வருஷமா சொல்ல வாய் வரல," என்றார். "ஒரே ஒரு தடவை, மேலேருந்துதான் பார்த்தேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கம்பியைப் பிடித்து, விமானத்தை வந்த வழியே பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"இன்னொரு வளைவுக்குக் கல் இருக்கா?"