தனித் தட்டு

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்திருந்தது. வழக்கமாகக் கோதுமை ரவையில் ஆவிகட்டிச் செய்யும் கூஸ்கூஸின் ஆவியில் கூடமே கனவுபோல மங்கியிருந்தது. நடுவில் ஒரே பெரிய தாம்பாளம், சுற்றிலும் குடும்பம். கோதுமை, பால், வெங்காயம் எதுவுமே ஒத்துக்கொள்ளாத மருமகள் இப்திஸாமின் தனித் தட்டை மட்டும் காணோம்.

"அத்தை, என் தட்டு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் மாமியார் ரகியா.

தனக்கென்று தனியாகச் சமைத்து அவர்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்து, இப்திஸாம் மெல்ல எழுந்தாள்.

நாத்தனார் ஹஸ்னா கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க அண்ணி? இன்னிக்கு எல்லாருக்குமே சோள ரவை கூஸ்கூஸ்தான். வெங்காயம் இல்ல, வெண்ணெய் இல்ல. அப்பா காலையிலேர்ந்து முனகுறார்!"

ரகியா கறியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள். "உக்காருடி, ஆறிடும்."

ஆவிக்குள் இப்திஸாமின் கையும் முதல்முறையாக மற்றக் கைகளோடு தாம்பாளத்தில் இறங்கியது.