இரண்டாவது இடத்துக் கல்

"ரெண்டாவது கல்லுல எங்க அக்கா பேரையும் செதுக்கணும் சார்" என்றேன் தாளாளரிடம்.

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள்.

அவளும் அந்த அறையில்தான் இருந்தாள். இந்தப் பள்ளிக்கூடத்து ஆயா. தாளாளருக்குத் தேநீர் கொண்டுவந்தவள், தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியவளே, வாய மூடு."

"பேசட்டும் ஆயா. நம்ம வளத்த புள்ளதானே."

பள்ளிக்கு நூற்றைம்பது வயது. இந்தக் கட்டடத்துக்கு வருவதற்கு முன் இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது. இரண்டிலும் ஆளுயர நினைவுக்கல் நட்டுத் துணி போர்த்தியாகிவிட்டது. இன்று விழா. வாசகங்களை எழுதியது வரலாறு டீச்சரான நான். மைக்கில் வாசிக்கப்போவதும் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் என்று மேடைதோறும் என்னைக் காட்டிக்கொள்வதில் இவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது இடத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது: 'சுவர் இடிந்து ஒரு மாணவி இறந்ததால் மூடப்பட்டது.'

காலையில் துணியைத் தூக்கிப் பார்த்தேன். 'மாணவர் பெருகி இடம் போதாததால் மாறியது.'

"சுவர் விழுந்துச்சு, இல்லேங்கல. எங்கப்பா காலத்துல. ஆனா யாரும் சாகலயேம்மா."

"எங்க அக்கா செத்தா. ஒண்ணாங்கிளாஸ்."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று கோப்பையை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா போட்டுக் கலக்கினாள். கரண்டி கோப்பையில் இடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா பேரச் சொல்லு."

சொன்னேன்.

"அந்தப் பேர்ல சேந்த பொண்ணு இங்கயே படிச்சு முடிச்சுது. டிகிரி வாங்குச்சு. இப்ப டீச்சரா என் முன்னாடி நிக்குது. செத்தவ இப்படியா எதுத்துப் பேசுவா?"

சிரித்தார். அவர் சிரித்தால் ஆயாவும் சிரித்தாக வேண்டும்.

அம்மா சிரித்தாள்.

சுவர் விழுந்தபோது எனக்கு நாலு வயது. விசாரிக்க ஆள் வருவதற்குள் என்னைக் குளிப்பாட்டி, அக்காவின் இன்னொரு சீருடையை மாட்டி, அவள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டதும் 'உள்ளேன் டீச்சர்' வராவிட்டால் தொடையில் கிள்ளு. வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லும்?

அடுத்த வாரம் அம்மாவுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

காய்ச்சலில் போனது சின்னவள் என்று தெருவுக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் நான்தான் பெரியவள். தூக்கக் கலக்கத்தில்கூட அம்மா வாய் தவறியதில்லை.

"கல்லுல அவ செத்துட்டான்னு போட்டா, உன் டிகிரி யாரோடது? இந்த வேலை யாரோடது?" தாளாளர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்கம்மாவுக்கும் வயசாச்சு. எங்க போவா?"

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன் சார்."

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. நினைவுக்கல் வாசகங்களை வாசிக்க வருமாறு அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

மைக்கில் வாசிக்கச் சொல்லி அவர் தன் கையெழுத்தில் தந்திருந்த தாளை மேசையிலேயே வைத்தேன். நான் எழுதியது எனக்கு மனப்பாடம். கடைசியில் சேர்க்க வேண்டிய பெயரும்.

கதவைத் திறந்தேன்.

"சின்னவளே."

அம்மாதான். இருபது வருடத்தில் முதல் தடவை.

அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. மைக்கைப் பார்த்து நடந்தேன்.