பச்சை வரிகள்

மதிய வெயில் சாப்பாட்டு மேசையிலிருக்கும் மடிக்கணினி மீது விழுகிறது. அக்கா நர்ஸாக இருக்கும் குழந்தைகள் வார்டுக்காக, மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருளைத் தங்கை செய்கிறாள். கணக்கு சரியா என்று பார்க்கும் சோதனைகளில், காலையில் தோல்வி என்று சிவப்பாக இருந்த வரிகள் எல்லாம் இப்போது பச்சை. "எல்லாத்தையும் பச்சையாக்குன்னு ஏஐகிட்ட சொன்னேன், ஆக்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடவா?" என்கிறாள் தங்கை. அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சிரிக்கிறாள். "எங்க வார்டுல இன்னொருத்தி பாக்காம ஊசி போட மாட்டோம்டி. நீ பாத்தியா?" தங்கை சலிப்போடு ஏஐ செய்த மாற்றங்களைத் திறக்கிறாள். தப்பான கணக்கை அது தொடவே இல்லை. பத்து மடங்கு மருந்தைத் தவறென்று பிடித்த சோதனையைத் திருத்தி, அதுவே சரியான அளவு என்று எழுதியிருக்கிறது. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" அக்கா நீட்டிய சுளை அந்தரத்தில் நிற்கிறது. திரையில் பச்சை வரிகள் அமைதியாக ஒளிர்கின்றன. அனுப்பும் பொத்தானின் மேலிருந்த விரலைத் தங்கை சூடுபட்டதுபோல் எடுக்கிறாள்.