கஞ்சி குடித்த அலமாரி

சம்பந்தம் அலமாரியை மூன்று முறை சுற்றி வந்துவிட்டார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

ஆரணியில் பாலிஷ் என்றால் சம்பந்தம் என்பார்கள். அவர் வாயடைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலை என் வீட்டுக்காரர் சாலமோனுடையது.

ஆனால் அந்த வாய் ரொம்ப நேரம் மூடியிருக்கவில்லை.

“பைன் மரம் இவ்ளோ சீரா சாயம் புடிக்காதுங்க. அடியில அரக்கு இருக்குது,” என்றார், அலமாரி செய்யச் சொன்ன நைனாரிடம்.

அப்பாண்டைநாதன் நைனாரின் முகம் மாறிவிட்டது. நைனார்களின் சமணக் கோயிலான ஜினாலயத்தில் சாஸ்திரச் சுவடிகள் வைக்கப்போகிற அலமாரி இது. அரக்கு பூச்சியிடமிருந்து எடுப்பது. ஓர் உயிரைக் கொன்று வந்த எதுவும் இதில் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் மரத்தைக் கொடுத்தார். அவருடைய ரைஸ் மில்லுக்கு மிஷின் வந்த பெட்டியின் மரம்.

அலமாரியை ஏற்றிப்போக எங்கள் வாசலில் வண்டி பூட்டி நின்றது. என் வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்று ஆகிவிட்டால் அலமாரி கோயிலுக்குள் போகாது. எந்த நைனார் வீட்டிலும் இவர் இனி உளி பிடிக்க முடியாது.

இவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் தடவை சாயம் பூசியபோது, மரம் ஓர் இடத்தில் மடமடவென்று குடித்து, பக்கத்தில் துப்பிவிட்டு, தேமல் விழுந்த முதுகு மாதிரி நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. இரண்டு தடவையும் உப்புத்தாளால் தேய்த்தே எடுத்தார். சாயத்துக்கு முன்னால் ஒரு கை அரக்கு அடித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நானே சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை மனுஷன்.

பிறகு தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அரிசிக் கஞ்சியைத் தண்ணீராக வடித்துத் தரச்சொல்லி என்னிடம் கேட்டார். ஒரு பூச்சு, காய்ந்ததும் லேசாக உப்புத்தாள், அதன் மேல் காசுக்கட்டிச் சாயம், கடைசியில் ஆளிவிதை எண்ணெய். கஞ்சி குடித்து வயிறு நிறைந்த மரம், சாயத்தை அளவாக வாங்கிக்கொண்டது.

“கஞ்சிதாங்க பூசினேன்,” என்றார் இவர்.

சம்பந்தம் சிரித்தார்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். கஞ்சி போட்ட விரிப்பில் டிஞ்சர் அயோடின் சிந்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவரிடமும் சொல்லியிருக்கிறேன். உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தேன்.

கஞ்சி இருந்தால் நீலமாகும், அரக்கு இருந்தால் ஆகாது என்று இவர் சொன்னதும், நைனார் மனசு கேட்காமல், “பின்பக்கம் வெச்சிப் பாரேம்பா,” என்றார்.

“பின்னால வெச்சா, அங்க மட்டும் கஞ்சி பூசினேன்னு ஆயிடுங்க.”

மூன்று வாரம் திட்டோடு மல்லுக்கட்டியவர், கதவின் நட்டநடுவில் நகத்தால் சுரண்டி, ஒரு சொட்டு விட்டார்.

கருநீலமாக ஊறியது.

சம்பந்தம் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். கறையைத் தேய்க்க இவர் உப்புத்தாளை எடுக்க, நைனார் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும் சாலமோன்.”

“திட்டு தெரியறாப்ல ஏத்துங்க,” என்று வண்டிக்காரரிடம் சொன்னது சம்பந்தம்தான்.

அது எழுபத்தெட்டில். நாலு வருஷமாக, கோயிலுக்கு வருகிறவர்களிடம் நைனார் முதலில் காட்டுவது அந்தத் திட்டைத்தான். சாலமோன் வைத்தது, இன்னும் அழியவில்லை பாருங்கள் என்பார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

டிஞ்சர் கறை பத்து நாள்கூடத் தாங்காது, காற்றிலேயே வெளுத்துவிடும். இது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் முடிந்ததும், நைனார் வீட்டு ரத்னாவதி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அலமாரியைத் துடைக்கப் போகிறேன். துடைத்துவிட்டு, இடுப்பில் செருகிய பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு வைத்துவிட்டு வருகிறேன்.

இவருக்குத் தெரிந்தால் இந்தத் தடவை மூன்று நாளோடு விடமாட்டார்.